தட்டுச் சோறும் பருவநிலை மாநாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே மாதம் ஒரு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி சமையலைப் பற்றிப் பேசுகிறோம். நீரிழிவு இருப்பவர்கள் என்ன சாப்பிடலாம் என்று ஆரம்பித்த பேச்சு, அரிசி விலை, வெயில், ஐநா மாநாடு என்று எங்கெங்கோ போய்விட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. பல வருடங்களாக இதைத் தேடிப் படிக்கிறேன், தினமும் சமைக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? அது பெட்ரோல், நிலக்கரி விவகாரம்தானே?

பெரும்பங்கு பெட்ரோலும் நிலக்கரியும்தான், சரி. ஆனால் மனிதர்களால் வெளியாகி பூமியைச் சூடாக்கும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவோடு தொடர்புடையது. ஐநாவின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2019இல் வெளியிட்ட நில அறிக்கை 21 முதல் 37 சதவீதம் வரை என்று கணக்குச் சொன்னது. காட்டை அழித்து வயலாக்குவது, தண்ணீர் தேங்கிய நெல்வயலில் உருவாகும் மீத்தேன், மாடு ஏப்பமாக வெளியேற்றும் மீத்தேன், உரம் போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, குளிர்பதனக் கிடங்கு, கடைசியில் நாம் கொட்டும் மிச்சம் என எல்லாம் இதில் அடங்கும்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், சூடாகும் பூமி நம் சாப்பாட்டைத் திருப்பி அடிக்கிறது. பிலிப்பீன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் 25 ஆண்டு வெப்பநிலையையும் 12 ஆண்டு விளைச்சலையும் பார்த்து 2004இல் சொன்னது இது: வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பகல் வெயிலைத்தான் நாம் பெரிதாகப் பேசுவோம், நெல்லுக்கு இரவுச் சூடும் பெரிய எதிரி. பகலெல்லாம் சேர்த்த மாவுச்சத்தை இரவில் மூச்சுவிட்டே பயிர் செலவழித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

அரிசியில் சத்தே குறைகிறதாமே, உண்மையா? வாட்ஸ்அப்பில் வந்தது.

வாட்ஸ்அப்பில் வருவதில் பாதியை நான் நம்புவதில்லை, இது உண்மை.

சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயலில் செய்த சோதனை இது. பயிரைச் சுற்றிக் குழாய் வளையம் அமைத்து, இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கக்கூடுமோ அந்த அளவுக்கு, அதாவது பத்து லட்சத்தில் 570, 590 பங்கு என்ற அளவுக்கு வாயுவைக் கொடுத்து நெல் வளர்த்தார்கள். இன்றைய அளவு 420க்குக் கொஞ்சம் மேலே, தொழிற்புரட்சிக்கு முன் 280. 2018இல் வந்த முடிவின்படி, 18 நெல் ரகங்களில் சராசரியாகப் புரதம் சுமார் 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்தன. பி1 வைட்டமின் 17 சதவீதம் குறைந்தது. ஃபோலேட் என்கிற பி9 சுமார் 30 சதவீதம் குறைந்தது. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அதே சத்துதான்.

செடி செழிப்பாக வளரும், மணியும் நிறையும், மூட்டையின் எடையிலும் மாற்றம் தெரியாது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தால் எதுவுமே தெரியாது. அதனால்தான் எனக்கு இது அதிகம் உறுத்துகிறது. பஞ்சம் வந்தால் செய்தியில் வரும், நாடுகள் கப்பல் அனுப்பும். இது சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு. மீனும் முட்டையும் பழமும் வாங்க முடிந்த வீட்டில் இதைச் சரிக்கட்டிவிடலாம். சோறும் ரசமும்தான் மூன்று வேளையும் என்றிருக்கும் வீட்டில் என்ன செய்வது?

சிங்கப்பூரில் வயலே இல்லையே. நமக்கு ஏன் இந்தக் கவலை?

வயல் இல்லாததால்தான். நம் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து வாங்குகிறோம், அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒரு நாடு கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை நாம் இரண்டு முறை பார்த்துவிட்டோம்.

2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நாம் வாங்கிய கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. பெரும்பாலும் உயிரோடு லாரியில் வந்து இங்கே அறுக்கப்படும் கோழி. தீவன விலை ஏறி அவர்கள் நாட்டிலேயே கோழி தட்டுப்பட்டதால் எடுத்த முடிவு அது. ஈரச்சந்தையில் கோழிக் கடைகள் மூடிக் கிடந்ததும், உறைய வைத்த கோழிக்கு மாறிய கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் ருசி போய்விட்டதே என்று வருத்தப்பட்டதும் நினைவிருக்கும். தடை முழுவதுமாக நீங்க அக்டோபர் ஆகிவிட்டது.

அடுத்த வருடம் அரிசி. 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது, ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. பசிபிக் கடல் சூடாகி மழையைக் குலைக்கும் எல் நினோ வந்த வருடம், அந்த ஆகஸ்ட் 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். 2022இல் நம் அரிசி இறக்குமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்திருந்தது. அரசாங்கம் இந்தியாவிடம் பேசி, சிங்கப்பூருக்கென 50,000 டன் அனுமதி வாங்கியது. இட்லி அரிசிக்கும் பொன்னிக்கும் பழகிய நமக்குத் தாய்லாந்து மல்லிகை அரிசி இருந்தாலும் மனம் ஆறாது. அது வயிற்றோடு மட்டும் நிற்கிற விஷயமில்லையே. இங்கே ஒரு தகவல்: சிங்கப்பூரின் அரிசிக் கையிருப்புத் திட்டத்தில் வெள்ளை அரிசி, பாஸ்மதி, புழுங்கல் ஆகியவற்றோடு பொன்னியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இறக்குமதியாளர்கள் மாதாந்தர இறக்குமதியைப் போல இரண்டு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். நம் சாப்பாட்டை நினைவில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கையிருப்பு சில மாதங்களுக்குத்தான் தாங்கும். வயலில் மழை தவறிக்கொண்டே இருந்தால் கிடங்கு என்ன செய்யும்?

உள்ளூரிலும் அடி உண்டு. 2015இல் ஜோகூர் நீரிணையில் பாசி பெருகி, மீன் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான டன் மீன் ஒரேயடியாகச் செத்தது.

ஐநா மாநாடுகளில் உணவைப் பற்றி இதுவரை என்னதான் பேசியிருக்கிறார்கள்?

1992இல் ரியோவில் கையெழுத்தான பருவநிலை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவிலேயே 'உணவு உற்பத்திக்கு ஆபத்து வராதபடி' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் உணவுப் பாதுகாப்பும் பசி ஒழிப்பும் அடிப்படை முன்னுரிமை என்று எழுதினார்கள். ஒப்பந்தத்தின் உள்ளே, 2ஆம் பிரிவில், உணவு உற்பத்தி பற்றி ஒரு வரி மட்டும். 2017இல் ஃபிஜி தலைமை ஏற்ற மாநாட்டில், ஃபிஜியில் உள்ள கொரோனிவியா என்ற இடத்தின் பெயரில், விவசாயத்துக்கென ஒரு கூட்டுப் பணித்திட்டம் தொடங்கியது. மண், கால்நடை, நீர், உரம் பற்றியெல்லாம் வருடக்கணக்கில் பேசினார்கள். சாப்பிடும் மனிதனின் உடம்பு அந்தப் பேச்சில் ஓரமாகத்தான் இருந்தது.

அது கொஞ்சம் மாறியது 2022இல், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில். உலகச் சுகாதார நிறுவனம், ஐநா உணவு வேளாண்மை அமைப்பு முதலியவற்றோடு சேர்ந்து எகிப்து 'ஐ-கேன்' என்ற முயற்சியைத் தொடங்கியது. பருவநிலைத் திட்டம் போடுகிறவர்கள் ஊட்டச்சத்தையும், ஊட்டச்சத்துத் திட்டம் போடுகிறவர்கள் பருவநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும், இதுதான் அதன் நோக்கம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எந்த நாட்டிலும் இரண்டும் இரண்டு அமைச்சு, இரண்டு கோப்பு, இரண்டு பட்ஜெட். ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதே அபூர்வம்.

2023 டிசம்பரில் துபாயில் உணவு, வேளாண்மைக்கென்றே ஒரு பிரகடனம் வந்தது, 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. தங்கள் தேசியப் பருவநிலைத் திட்டங்களில் உணவையும் விவசாயத்தையும் சேர்ப்போம் என்பது உறுதிமொழி. எனக்குப் பிடித்தது வேறொரு இடம். பசியைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகப் பள்ளி உணவை அதில் எழுதியிருக்கிறார்கள். காமராஜர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவும் தெரிந்த நமக்கு அந்த வரி புதிதில்லை. இந்தியா அந்தப் பிரகடனத்தில் சேரவில்லை. சிறு விவசாயிகளின் தலையில் உமிழ்வைக் குறைக்கும் சுமை விழக்கூடாது என்பது இந்தியா நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரையும் ஆயிரக்கணக்கில் மாடு வளர்க்கும் பண்ணையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பிறகு மாநாடு நடந்தது 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில், 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில். பெலெமில் பசி, வறுமை இரண்டையும் பருவநிலையோடு சேர்த்து ஒரு பிரகடனம் வெளியானது.

இந்தப் பிரகடனங்களால் எதாவது நடக்குமா, வெறும் காகிதமா?

கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இவற்றில் இல்லை. கையெழுத்துப் போட்ட நாடு செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. பணத்தைப் பார்த்தால் இன்னும் வருத்தம்: உலகில் பருவநிலைக்கென்று செலவாகும் நிதியில் உணவு, வேளாண்மைக்குப் போவது சுமார் 4 சதவீதம்தான் என்று 2019, 2020 கணக்கு காட்டியது. மூன்றில் ஒரு பங்கு பிரச்சினைக்கு நாலு சதவீதம். பாக்குவில் பணக்கார நாடுகள் 2035க்குள் வருடத்துக்கு 300 பில்லியன் அமெரிக்க டாலர் திரட்ட ஒப்புக்கொண்டன. அதில் உணவுக்கு இவ்வளவு என்று தனிப் பங்கு எதுவும் எழுதப்படவில்லை.

ஆனாலும் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பிரேசிலைப் பாருங்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைக்குக் காய், விவசாயிக்கு நிச்சயமான வரும்படி, அருகிலேயே விளைந்த பலவகைப் பயிர், எல்லாம் ஒரே செலவில். ஐநாவின் பசி வரைபடத்தை விட்டு 2025இல் பிரேசில் மறுபடி வெளியேறியது. பள்ளி உணவு மட்டும் அதற்குக் காரணமில்லை, வேறு உதவித் திட்டங்களும் சேர்ந்துதான். மாநாட்டு வாசகம் ஒரு நாட்டின் சட்டமாகி, பட்ஜெட்டில் ஒரு வரியாகிவிட்டால் அதற்கு உயிர் வந்துவிடுகிறது.

உற்பத்தியைப் பெருக்கினால் போதாதா? ஊட்டச்சத்து என்று தனியாக ஏன் இழுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஐநாவின் 2025 அறிக்கைப்படி 2024இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள். சத்தான உணவை வாங்கப் பணம் போதாதவர்களோ சுமார் 260 கோடி. அதாவது வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் பசித்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உற்பத்தியை மட்டும் பெருக்கினால் பெருகுவது பெரும்பாலும் அரிசி, கோதுமை, மக்காச்சோளம், சர்க்கரை, பாமாயில். பசுமைப் புரட்சியில் அதைத்தான் கண்டோம். பஞ்சத்தை விரட்டியது, அதை மறுக்கவே முடியாது. ஆனால் கம்பும் கேழ்வரகும் பயறும் இருந்த இடத்தை நெல்லும் கோதுமையும் எடுத்துக்கொண்டன.

இப்போது வெப்பவாயுக் கணக்கை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சர்க்கரைக்கு வெப்பவாயு குறைவு. முட்டைக்கும் மீனுக்கும் அதைவிட அதிகம். டன் கணக்கு மட்டும் பேசுகிற ஒருவர் சர்க்கரையே மேல் என்று சொல்லிவிடலாம். நம் வீடுகளில் சர்க்கரை என்ன செய்திருக்கிறது என்று நான் சொல்லவா வேண்டும்? சிங்கப்பூரில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் நீரிழிவு வரும் அபாயம் உண்டு என்று சொல்லித்தான் 2016இல் அரசாங்கம் அதன்மீது போர் அறிவித்தது. சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் நம்மிடமும் இந்நோய் அதிகம். சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்துப் பான டின்களில் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டதும் அதன் தொடர்ச்சி. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதனால் ஒரு உணவை அளக்கும்போது அது பூமிக்கு என்ன செய்கிறது, உடம்புக்கு என்ன செய்கிறது என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும்.

இரண்டும் சேர்ந்து நடக்கிற வழி நம் ஊரிலேயே இருந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈர மண்ணில் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல் அறுத்தபின் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் பயறு வளர்ந்துவிடும், தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவது அபூர்வம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் பயறுக்கு யூரியா அதிகம் வேண்டாம், மண்ணுக்கும் கொஞ்சம் மிஞ்சும். வீட்டுக்குப் புரதம், விவசாயிக்கு இன்னொரு வருமானம். நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் விளைந்து ஒரே ஆட்டுக்கல்லில் அரைபட்டு இட்லியாகின. என் அப்பாயி இதற்குப் பருவநிலை நடவடிக்கை என்று பெயர் வைக்கவில்லை, தை மாத வேலை என்பார்.

அப்படியென்றால் சோறு சாப்பிடுவதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். சோற்றை நான் விடவில்லை, உங்களையும் விடச் சொல்லமாட்டேன். இரண்டு விஷயம் மாறினால் போதும்.

முதலாவது வயலில். மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் 8 முதல் 10 சதவீதம் நெல்வயலிலிருந்து. தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். இதற்கு நம் விவசாயிகள் சொல்லும் முறை 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. தண்ணீர் விடு, காயவிடு, மறுபடி விடு. நெல் ஆராய்ச்சி நிலையம் இதையே ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து அளவோடு செய்யச் சொல்கிறது. குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சினால் விளைச்சல் குறையாது, தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம், மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் தன் கட்டுப்பாட்டில் இருக்கும் விவசாயிக்குத்தான் இது முடியும். மேட்டூர் எப்போது திறக்கும், மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருப்பவர், கிடைத்த தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் பார்ப்பார்.

இரண்டாவது தட்டில். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டுப் படத்தில் பாதி காய்கறி பழம், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். நம் தட்டில் முக்கால் பங்கு வெள்ளைச் சோறு, ஓரத்தில் பொரியல். சோற்றைக் கால்வாசியாகக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ கூட்டோ கீரையோ வந்தால் பூமிக்கும் நல்லது, இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது.

ஆட்டிறைச்சி பிரியாணி?

தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் சாப்பிடுங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். தினமும் வேண்டாம். உலகச் சராசரியில் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குச் சுமார் 20, 25 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெப்பவாயு. மாட்டிறைச்சிக்கு அதைவிட மிக அதிகம். கோழிக்கு ஆறு, பருப்புக்கு ஒன்று. ஆனால் வளரும் பிள்ளைக்கும் இரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் முட்டை, மீன், கொஞ்சம் இறைச்சி தேவைப்படலாம். பூமிக்காக உன் இரும்புச்சத்தை விட்டுக்கொடு என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதிகம் சாப்பிடுகிறவர்கள் குறைக்கட்டும்.

உள்ளூரில் வளர்த்த கீரைதானே சுற்றுச்சூழலுக்கு நல்லது?

எப்போதும் அப்படியில்லை. கப்பலில் வரும் பொருளுக்குப் பயணத்தால் ஏற்படும் உமிழ்வு பலர் நினைப்பதைவிடக் குறைவு, விமானத்தில் வந்தால்தான் எகிறும். கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்திலும் குளிரூட்டியிலும் வளரும் கீரைக்கு மின்சாரம் நிறைய வேண்டும், நம் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மலேசியாவின் கேமரன் மலையில் வெயிலில் விளைந்து லாரியில் வரும் கீரைக்கு வெப்பவாயு குறைவாகவே இருக்கலாம்.

ஆனாலும் உள்ளூர்ப் பண்ணைகள் வேண்டும் என்பதே என் கட்சி. எல்லை மூடினால் நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா? 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் வைத்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். இப்போதைய இலக்கு, 2035க்குள் நார்ச்சத்தில் 20 சதவீதம், புரதத்தில் 30 சதவீதம். நார்ச்சத்து என்றால் காய்கறி, முளைகட்டிய பயறு, காளான். புரதம் என்றால் முட்டை, கடலுணவு. அளவு குறைந்துவிட்டதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள், பல பண்ணைகள் மூடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் இலக்கையே சத்தின் பெயரில் எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது.

மிச்ச சாப்பாடு?

2023இல் சிங்கப்பூரில் 7 லட்சத்து 55 ஆயிரம் டன் உணவுக் கழிவு, அதில் மறுசுழற்சி ஆனது 18 சதவீதம். பல நாடுகளில் குப்பைமேட்டில் அழுகி மீத்தேன் ஆகும். இங்கே எரித்துவிடுவதால் அது குறைவு. ஆனால் வயலில் செலவான தண்ணீர், உரம், உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் எரிகிறது. நல்லெண்ணத்தோடு உணவைத் தானம் செய்பவர்களைப் பாதுகாக்கும் சட்டத்தை 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்யாண வீடுகளில் மிஞ்சுவதை என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்க இனித் தயக்கம் தேவையில்லை.

இதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு தம்பி கேட்டார், கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர், புதுக்கோட்டைப் பக்கம். அவருக்கு வரும் சாப்பாட்டுப் பொட்டலம் நள்ளிரவில் சமைத்து விடிவதற்குள் விடுதிக்கு வந்துவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்ப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது குழம்பு புளித்துப் போயிருக்கும். பாதி நாள் சோற்றை மட்டும் தின்றுவிட்டு மேலே ஏறுவாராம். வெயில் கூடக் கூட அந்தப் பொட்டலம் கெடும் நேரமும் குறைகிறது, அதே வெயிலில் அவருக்குத் தேவைப்படும் நீரும் உப்பும் சத்தும் கூடுகிறது. சூடாகும் உலகமும் சத்தில்லாத சாப்பாடும் ஒரே உடம்பில் சந்திப்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெப்ப விதிமுறைகளைக் கடுமையாக்கியது. ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உழைப்புச் செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, மணிக்கு 300 மில்லிலிட்டர் தண்ணீர். நல்ல விதி. நல்ல சாப்பாடும் அதில் சேர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்: வேலை இடத்துக்கு அருகிலேயே சமைத்து, சுடச்சுட, பருப்பும் காயும் முட்டையுமாக.

தொழிலாளர்களோடு நிற்கவில்லை. 2019இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, பத்தில் ஒரு குடும்பம் அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு முறையாவது போதுமான, சத்தான உணவு கிடைக்காமல் இருந்தது என்று காட்டியது. பணக்கார நாட்டில் இது. ஆகவே பருவநிலைக்கு ஏற்ற உணவு என்று யார் திட்டம் போட்டாலும் முதலில் விலையைச் சொல்லட்டும்.

சிங்கப்பூர் இதில் என்ன செய்ய முடியும்? உலக உமிழ்வில் நம் பங்கு ரொம்பச் சின்னதாயிற்றே.

சுமார் 0.1 சதவீதம்தான். ஆனால் நாம் வாங்குகிறவர்கள், வாங்குகிறவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் நெல் ரகம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது, அது ஒரு பங்களிப்பு. இன்னொன்று, பெரிய நிறுவனங்கள் வெளியிடும் வெப்பவாயுவுக்குப் போடும் கரிம வரி. 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி. வரி கட்டும் நிறுவனங்கள், தங்கள் உமிழ்வில் 5 சதவீதம் வரை வெளிநாட்டு கார்பன் கிரெடிட், அதாவது வேறோரிடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று, வாங்கி ஈடுகட்டலாம். பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்படி நடக்கும் ஏற்பாடு இது, அந்தப் பிரிவின் பேச்சுவார்த்தையை வழிநடத்தியவர்களில் நம் அமைச்சர் கிரேஸ் ஃபூவும் ஒருவர்.

என் ஆசை இதுதான். நெல்வயல் மீத்தேனைக் குறைத்து வரும் கிரெடிட்டை நம் நிறுவனங்கள் வாங்குவதாக இருந்தால், எத்தனை டன் குறைந்தது என்பதோடு, அந்த வயலில் நெல்லுக்குப் பின் பயறு விதைத்தார்களா, பணத்தில் எவ்வளவு விவசாயியின் கைக்குப் போனது, அவர் வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் என்ன மாறியது என்றும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் நாலு வரி கூடும், அவ்வளவுதான்.

சரி, நாளைக்கே ஒன்று செய்ய வேண்டும் என்றால்?

கேழ்வரகு வாங்குங்கள். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐநா அறிவித்ததிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மாவாகவும் முழுதாகவும் எளிதில் கிடைக்கிறது. மானாவாரியில் விளையும், தண்ணீர் தேங்க வேண்டாம் என்பதால் வயல் மீத்தேனும் இல்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, வெள்ளை அரிசியில் அதில் சிறு பங்குதான்.

நீரிழிவு இருந்தால் தண்ணீராகக் கரைத்த கஞ்சியாகக் குடிக்காதீர்கள், மாவுக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள், அப்போதுதான் தட்டும்போது விரியாது. வாழையிலையிலோ நெய்த்தாளிலோ தட்டிக் கல்லில் போட்டு, சிறுதீயில் மூடி வேகவிடுங்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, ஒரு அவித்த முட்டை. ஒருவருக்கு இரண்டு அடை போதும்.